துர்கா பூஜைக்குக் கொல்கத்தா: நாலு நாள், அஞ்சு பேர், ஒரு முழங்கால் வலி

இது எபிசோடோட திருத்திய எழுத்து வடிவம். பேச்சுல வந்த "அதாவது"களைப் பாதி எடுத்தாச்சு, மீதி அப்படியே இருக்கு. பொறுத்துக்கோங்க.

தாம்பரத்துல இருந்து ஒரு நேயர் வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். அவர், மனைவி, ஆறு வயசுப் பொண்ணு, அப்பா, அம்மா. அம்மாவுக்கு அறுபத்து நாலு வயசு, முழங்கால் வலி. கொல்கத்தா துர்கா பூஜையை ஒரு தடவை நேர்ல பார்க்கணும்னு அவங்களுக்கு ரொம்ப நாள் ஆசை. "இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு அம்மாவால நடக்க முடியுமான்னு தெரியல ப்ரோ. ஆயுத பூஜை லீவுல போயிட்டு வந்துடலாம்னு பார்த்தா, யூட்யூப்ல அந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்கே மூச்சு முட்டுது. போகலாமா, வேண்டாமா?"

போகலாம். ஆனா ஆயுத பூஜை லீவுல போகாதீங்க.

ஏன்னு சொல்றேன். நம்ம ஊர்ல நவராத்திரியோட கனம் கடைசி ரெண்டு நாள்ல இருக்கு. சரஸ்வதி பூஜை, விஜயதசமி, அரசு விடுமுறையும் அப்போதான். அங்கே விழா ஷஷ்டி, சப்தமி, அஷ்டமி, நவமி, தசமின்னு அஞ்சு நாள். நம்ம லீவு தொடங்குற நவமி அன்னைக்கு அங்கே கூட்டம் உச்சத்துல இருக்கும், மறுநாள் தசமியில அம்மனை வழியனுப்ப ஆரம்பிச்சிடுவாங்க. அப்போ போய் இறங்கினா, கல்யாண வீட்டுக்குப் பந்தல் பிரிக்கும்போது போன கதைதான்.

2025 காலண்டரை உதாரணமா எடுத்துக்கலாம். அந்த வருஷம் தேதிகள் அழகா உட்கார்ந்தது. செப்டம்பர் 27 சனிக்கிழமை பஞ்சமி. 28 ஷஷ்டி, 29 சப்தமி, 30 அஷ்டமி. அக்டோபர் 1 நவமி, நமக்கு ஆயுத பூஜை. 2 தசமி. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குக் காலாண்டு விடுமுறை 27ஆம் தேதியே தொடங்கிடுச்சு. அப்போ சனிக்கிழமை காலையில கிளம்பி, செவ்வாய்க்கிழமை அஷ்டமி பூஜையைப் பார்த்துட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துட்டா, அலுவலகத்துல திங்கள், செவ்வாய்னு ரெண்டு நாள் லீவு போதும். புதன்கிழமை காலையில உங்க வீட்டுலேயே புத்தகத்தை அடுக்கி, வண்டிக்குப் பொட்டு வெச்சு, சுண்டலும் பண்ணிடலாம்.

இதுல இன்னொரு முடிச்சும் அவிழுது. வீட்டுல கொலு வெச்சிருந்தா, "கொலுவை விட்டுட்டு எப்படிடா வர்றது"ன்னு அம்மா கேட்பாங்க. நியாயமான கேள்வி. பத்து நாள் விளக்கேத்த ஆள் தேடறதும், மூணு நாளைக்குப் பக்கத்து வீட்டு மாமிகிட்ட சாவியைக் கொடுக்கறதும் ஒண்ணு இல்ல. முக்கியமான கடைசி நாட்களுக்கு அவங்க வீட்டுல இருப்பாங்க.

ஒரு எச்சரிக்கை. திதி கணக்குல வங்காளப் பஞ்சாங்கமும் நம்ம நாள்காட்டியும் சில வருஷம் ஒரு நாள் முன்னபின்ன வரும். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி அந்த வருஷத்து வங்காளத் தேதிகளைப் பாருங்க.

டிக்கெட்டுன்னு வந்தாச்சு. லீவு குறைவுன்னா விமானம், பணம் குறைவுன்னா ரயில். ரெண்டும் குறைவுன்னா போக ரயில், வர விமானம். சென்னையில இருந்து கொல்கத்தா கிட்டத்தட்ட 1,660 கிலோமீட்டர். கோரமண்டல் எக்ஸ்பிரஸ்ல காலையில ஏறினா மறுநாள் முற்பகல்ல இறங்கலாம். ஆனா அந்த வண்டி இப்போ ஹவுராவுக்குப் போறதில்ல, ஷாலிமார்ல நிக்கும். அதுவும் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான், ஆனா ஹவுரா மாதிரி இறங்கின உடனே மெட்ரோ, படகுன்னு எல்லாம் வாசல்ல கிடைக்காது. பெட்டியும் பெரியவங்களுமா இருந்தா கார் முன்கூட்டியே சொல்லி வெச்சிடுங்க.

ரயில் முன்பதிவு 2024 நவம்பர்ல இருந்து 120 நாளுக்குப் பதிலா 60 நாளுக்கு முன்னாடிதான் திறக்குது. செப்டம்பர் 27 பயணத்துக்கு ஜூலை 29 காலை எட்டு மணி. முன்பதிவு திறக்கும்போது ஆதார் சரிபார்த்த கணக்கு வேணும், அதனால அந்த வேலையை முன்னாடியே முடிச்சு வைங்க. அப்புறம், அஞ்சு பேரையும் ஒரே டிக்கெட்டுல போடாதீங்க. கீழ்ப் படுக்கைக்குன்னு ஒரு தனி ஒதுக்கீடு இருக்கு. அறுபது வயசான ஆண்கள், நாற்பத்தஞ்சு வயசான பெண்கள், ஒரு டிக்கெட்டுல ஒருத்தரோ ரெண்டு பேரோ மட்டும் இருந்தாதான் அது கிடைக்கும். அப்பா அம்மாவுக்குத் தனி டிக்கெட், உங்க மூணு பேருக்குத் தனி டிக்கெட். பெட்டி வேற வேறயா வரலாம். பரவாயில்ல, முழங்கால் வலியோட நடுப்படுக்கை ஏறச் சொல்றதைவிட அது மேல்.

இப்போ கூட்டம். இதை நாங்க ஆபீஸ்ல லோடுன்னு சொல்லுவோம். சர்வர்ல ட்ராஃபிக் எப்போ ஏறும்னு தெரிஞ்சா, நம்ம வேலையை அதுக்கு முன்னாடியோ பின்னாடியோ ஓட்டிக்கலாம். கொல்கத்தா பூஜை ராத்திரி விழா. சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஏற ஆரம்பிச்சு விடியக்காலை வரைக்கும் ஊரே தெருவுல இருக்கும். "டாக்குர் தேக்கா"ன்னு சொல்லுவாங்க, சாமி பார்க்கப் போறதுன்னு அர்த்தம். விடிய விடியச் சுத்தினவங்க தூங்கற நேரம் காலை ஆறுல இருந்து பத்து வரை. அந்த நாலு மணி நேரம்தான் உங்க அம்மாவோட நேரம். ராத்திரி ரெண்டு மணி நேரம் வரிசையில நின்ன பந்தலுக்குள்ள, காலையில நேரா நடந்து போகலாம்.

காலையில போனா விளக்கு அலங்காரம் கிடையாது, அது நிஜமான நஷ்டம். சந்தன்நகர் கலைஞர்களோட விளக்கு வேலைக்காகவே போறவங்க உண்டு. அதனால ஒரே ஒரு சாயங்காலத்தை விளக்குக்குன்னு ஒதுக்குங்க, அதுவும் போய் இறங்கின பஞ்சமி அன்னைக்கே. பெரிய பந்தல்கள் பலதும் அதுக்குள்ள திறந்திருக்கும். நாலரை மணிக்குப் போய், இருட்டினதும் பார்த்துட்டு, ஏழரைக்கு ரூமுக்கு வந்துடணும்.

அந்த வருஷம் ஊரே பேசுற பந்தல் எதுவோ, அதைக் குடும்பத்தோட தவிர்த்திடுங்கன்னுதான் சொல்வேன். 2015ல தேசப்பிரிய பூங்காவுல உலகத்துலேயே பெரிய துர்கைன்னு விளம்பரம் பண்ணாங்க. விழா தொடங்கின சமயத்துலேயே கூட்டம் கட்டுக்கடங்காம போய், போலீஸ் தரிசனத்தையே நிறுத்த வேண்டியதாப் போச்சு. 2021ல ஸ்ரீபூமியில புர்ஜ் கலீஃபா மாதிரி கட்டின பந்தலும் இப்படித்தான் பாதியில பார்வையாளர்களுக்கு மூடப்பட்டது. ஆயிரக்கணக்குல பந்தல் இருக்கிற ஊர்ல ஒண்ணைப் பார்க்காம விட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது.

தங்குற இடம். தெற்கு கொல்கத்தாவுல காளிகாட், ஜதின் தாஸ் பார்க், ரவீந்திர சரோபர் மெட்ரோ நிலையங்கள்ல ஒண்ணுக்கு நடந்து போற தூரத்துல ரூம் போடுங்க. விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். சாயங்காலம் மூங்கில் தடுப்பு கட்டி ரோட்டை அடைச்சிட்டா எந்த டாக்ஸியும் வாசலுக்கு வராது. அப்போ ஓடறது மெட்ரோவும் உங்க காலும்தான். 1984ல நாட்டிலேயே முதல்ல மெட்ரோ ஓடின ஊர் அது. பழைய வழித்தடத்துல எல்லா வாசல்லயும் எஸ்கலேட்டர் இருக்காது, எந்த வாசல்ல இருக்குன்னு முதல் நாளே பார்த்து வைங்க.

இன்னொண்ணு, இது பலருக்குத் தெரியாது. சப்தமி, அஷ்டமி, நவமி மூணு நாளும் மெட்ரோ காலையில ஓடாது. மதியம் வாக்குல தொடங்கி விடியக்காலை வரை ஓடறதுதான் சமீப வருஷங்கள்ல வழக்கம். அந்தந்த வருஷத்து அட்டவணையைப் பாருங்க. அப்போ காலையில டாக்ஸி, ரோடு காலியா இருக்கும். மதியத்துக்கு மேல மெட்ரோ. 2025 ஆகஸ்ட்ல இருந்து விமான நிலையத்துக்கே மெட்ரோ வந்தாச்சு, நோவாபாராவுல மாறிக்கலாம்.

காலை நேரத்துல எங்கே? என் தேர்வு வடக்கு கொல்கத்தா. பாக்பஜார்ல பழைய முறையில ஒரே சட்டத்துக்குள்ள அம்மன், லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், கார்த்திக்னு எல்லாரும் இருப்பாங்க. கார்த்திக் வேற யாரும் இல்ல, நம்ம முருகன்தான். உங்க பொண்ணு மயிலைப் பார்த்துட்டு அவளே கண்டுபிடிச்சிடுவா. அந்த வெள்ளி ஜிகினா அலங்காரத்துக்கு "டாக்கேர் ஷாஜ்"னு பேர். டாக்னா தபால். ஒரு காலத்துல அந்தத் தகடு வெளிநாட்டுல இருந்து தபால்ல வந்ததால அந்தப் பேர் நிலைச்சதா சொல்றாங்க. அங்கிருந்து பக்கம்தான் ஷோபாபஜார் ராஜ்பாரி. 1757ல நவகிருஷ்ண தேவ் தொடங்கின வீட்டுப் பூஜை. பெரிய முற்றம், தூண்கள், தள்ளுமுள்ளு குறைவு. பெரியவங்களுக்குத் தீம் பந்தலைவிட இந்த மாதிரி பழைய வீட்டுப் பூஜைகள்தான் மனசுல நிக்கும்னு எனக்குத் தோணுது. மாநிலச் சுற்றுலாத் துறை இந்த வீடுகளுக்குப் பேருந்துச் சுற்றுலாவே நடத்துது. ஒரு நாளை அதுக்குக் கொடுத்தா அம்மாவுக்கு நடை பாதியாகும்.

பக்கத்துல குமார்துலி, சிலை செய்யுற தெரு. ஆனா பூஜை தொடங்கினப்புறம் போனா சிலைகள் எல்லாம் பந்தலுக்குப் போயிருக்கும், பட்டறையில வைக்கோலும் களிமண்ணும்தான் மிச்சம். அதுக்காகத் தனியா நேரம் ஒதுக்க வேண்டாம்.

சப்தமி விடியக்காலை கங்கைக் கரைக்கு ஒரு தடவை போங்க. ஒரு வாழைக்கன்னை ஆத்துல குளிப்பாட்டி, புடவை கட்டி, பிள்ளையார் பக்கத்துல கொண்டு போய் நிறுத்துவாங்க. "கொலா பௌ", வாழை மருமகள். மேளம், சங்கு, ஈரப் புடவை. இதுக்கு வரிசையும் இல்ல, டிக்கெட்டும் இல்ல. அஷ்டமி காலையில ரூம் பக்கத்துத் தெருப் பந்தல்லயே புஷ்பாஞ்சலி. கையில பூவைக் கொடுப்பாங்க, புரோகிதர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லணும். வெளியூர்க்காரங்கன்னு யாரும் ஒதுக்க மாட்டாங்க. பன்னெண்டு நண்பர்கள் சேர்ந்து காசு போட்டு நடத்தின பூஜையில இருந்துதான் "பாரோயாரி"ங்கிற பொதுப் பூஜையே வந்ததுன்னு சொல்லுவாங்க. 2021ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்ததும் இந்தத் தெரு விழாவைத்தான்.

சாப்பாடு பத்தி அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. நமக்கு நவராத்திரின்னா விரதம். அங்கே பொண்ணு பிள்ளைகளோட தாய்வீட்டுக்கு வந்திருக்கா, அதனால விருந்து. தெருவெல்லாம் மீனும் மட்டனும் மணக்கும். சைவத்துக்கு "நிராமிஷ்"னு கேளுங்க. பந்தல் போக்ல கிச்சுரி, காய்கறிக் கூட்டு, தக்காளிச் சட்னி, பாயசம் கிடைக்கும். சட்னி இனிக்கும், தயாரா இருங்க. தயிர் சாதம் இல்லாம அப்பாவுக்கு ரெண்டாம் நாள் முகம் மாறினா, லேக் மார்க்கெட் பக்கம் போங்க. பல தலைமுறையா தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற பகுதி, இட்லிக்கும் ஃபில்டர் காபிக்கும் பஞ்சமில்ல.

மழை. இதை விளையாட்டா எடுத்துக்காதீங்க. 2025 செப்டம்பர் 23, பூஜைக்குச் சில நாள் முன்னாடி, ஒரே நாள்ல 250 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு. தேங்கின தண்ணியில மின்சாரம் பாய்ஞ்சு பல பேர் இறந்துட்டாங்க. பந்தல் ஊர்ல எங்கே பார்த்தாலும் ஒயர்தான். தண்ணி தேங்கின தெருவுல குழந்தையையோ பெரியவங்களையோ இறக்காதீங்க, இரும்புக் கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. அன்னைக்கு ரூம்லயே சீட்டு விளையாடலாம்.

பொண்ணோட சட்டைக்குள்ள உங்க ரெண்டு பேர் நம்பரையும் எழுதின அட்டையைப் பின் பண்ணிடுங்க. கூட்டத்துல போன் சிக்னல் படுத்துடும், அதனால ஒவ்வொரு இடத்துலயும் "தொலைஞ்சா இங்கே நிக்கணும்"னு ஒரு அடையாளத்தைக் காட்டிட்டு உள்ளே போங்க. அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். (சிரிப்பு) ஒரு தடவை வெளியே போனா மூணு மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். கழிப்பறைக்காக மட்டுமே இந்தக் கணக்கு. மதியம் எல்லாருக்கும் கட்டாயத் தூக்கம். ராத்திரி உங்க ரெண்டு பேருக்கும் சுத்தணும்னு ஆசை இருந்தா, அம்மா அப்பா பொண்ணோட ரூம்ல இருக்கட்டும், நீங்க மேடாக்ஸ் ஸ்கொயர் புல்தரையில உட்கார்ந்து ஊர் ஜனங்களோட அரட்டை அடிச்சிட்டு வாங்க.

அஷ்டமியும் நவமியும் சேர்ற நாப்பத்தெட்டு நிமிஷம் சந்தி பூஜை, 108 தாமரை, 108 விளக்கு. அது எந்த நேரத்துல வருதுன்னு வருஷா வருஷம் மாறும். திரும்புற விமானம் போடறதுக்கு முன்னாடி அந்த நேரத்தைப் பாருங்க. 'அம்மாவுக்கு ஒரே ஒரு பூஜை'ன்னா என் ஓட்டு அதுக்குத்தான். நேரம் ராத்திரியில விழுந்தா, விமானத்தை நவமி அதிகாலைக்குத் தள்ளிடுங்க. புத்தகம் அடுக்க மதியம் ஆனாலும் சரஸ்வதி கோவிச்சுக்க மாட்டா, அவளும் அந்தப் பந்தல்லதானே நிக்கிறா.

தாம்பரம் நண்பரே, போயிட்டு வந்து இன்னொரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அம்மா குரல்ல இருந்தா இன்னும் நல்லது.