வெறும் நினைவகத்தில் ஏறும் முதல் நிரல்

எந்தக் கணினியும் நிரல் ஒன்று இருந்தால்தான் இயங்கும். அந்த நிரலை வெளியிலிருந்து வாங்கி நினைவகத்தில் வைப்பதற்கும் முன்கூட்டியே ஒரு நிரல் தேவை. இன்றைய கணினிகளில் இந்தச் சிக்கல் பயனரின் கண்ணில் படுவதில்லை என்றாலும், 1970களின் நுண்கணினிகளில் அதைத் தீர்க்கும் பொறுப்பு பயனரிடமே இருந்தது.

1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் இடம்பெற்ற ஆல்டேர் 8800 கணினிக்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முன்பக்கத்தில் சுவிட்சுகளும் சிவப்பு விளக்குகளும் மட்டுமே இருந்தன. மின்சாரம் நின்றால் நினைவகத்தில் இருந்தது அழிந்துவிடும் என்பதால், பேசிக் மொழியை ஏற்ற விரும்பியவர் ஒவ்வொரு முறையும் எட்டு சுவிட்சுகளை மேலும் கீழுமாக அமைத்து ஒரு பைட்டைப் பதித்து, பின்னர் அடுத்த பைட்டுக்குச் செல்லும் வேலையைச் சுமார் 20 முறை செய்ய வேண்டியிருந்தது. அந்த 20 பைட்டுகளே தொடக்க நிரல்; தொடர் இணைப்பில் வரும் பைட்டுகளை வாங்கி நினைவகத்தில் வரிசையாக வைப்பது மட்டுமே அதன் வேலை. டெலிடைப் ஏஎஸ்ஆர்-33 இயந்திரத்தில் துளையிட்ட காகித நாடாவைப் பொருத்தி ஓடவிட்டதும், நாடாவின் தொடக்கத்தில் இருந்த சற்றே பெரிய ஏற்றுநிரல் முதலில் உள்ளே வந்து, பிழை உண்டா என்று சரிபார்த்தபடியே மீதியை வாங்கிக்கொண்டது. நொடிக்கு 10 எழுத்துகளே வந்ததால், 4,096 பைட்டுகள் வந்து சேர ஏறத்தாழ 7 நிமிடங்கள் பிடித்தன.

தொடர் இணைப்பு என்பது ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளையும் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் முறை. 1960இல் அமெரிக்காவில் உருவான ஆர்எஸ்-232 தரநிலையின்படி, கம்பியில் நேர் மின்னழுத்தம் 0 என்றும் எதிர் மின்னழுத்தம் 1 என்றும் கொள்ளப்படுகின்றன. பைட் தொடங்குவதை அறிவிக்க முன்னால் ஒரு பிட்டும், முடிந்ததை உணர்த்தப் பின்னால் ஒரு பிட்டும் சேர்வதால், ஒரு பைட்டுக்குப் பொதுவாகப் பத்து பிட்டுகள் செலவாகின்றன. ஆகவே நொடிக்கு 9,600 பிட் வேகம் என்பது 960 பைட்டுகளே. இரு கருவிகளும் ஒரே வேகத்துக்கு அமைக்கப்படாவிட்டால், வருவதெல்லாம் பொருளற்ற குறிகளாகிவிடும்.

வழியில் ஒரு பிட் மாறினாலும் நிரல் கெட்டுவிடும் என்பதால், 1977இல் வார்ட் கிறிஸ்டென்சன் எக்ஸ்மோடம் என்னும் நெறிமுறையை உருவாக்கினார். அதில் தரவு 128 பைட் துண்டுகளாகச் செல்கிறது. ஒவ்வொரு துண்டோடும் அதன் கூட்டுத்தொகையிலிருந்து பெற்ற ஒரு சரிபார்ப்பு எண் சேர்ந்து வர, பெறும் கணினி தானும் கூட்டிப் பார்த்து, பொருந்தினால் ஏற்பையும் பொருந்தாவிட்டால் மறுப்பையும் தெரிவிக்கிறது. மறுக்கப்பட்ட துண்டு மீண்டும் அனுப்பப்படுகிறது.

இந்த எளிய அடித்தளமே பழைய கணினிகளை இன்றைய கணினிகளோடு பேச வைக்கிறது. 1977இல் வெளிவந்த ஆப்பிள் 2 கணினியில் தொடர் இணைப்பு அட்டையைச் செருகி, உள்ளீட்டை அந்த அட்டையிலிருந்து பெறுமாறு ஆணையிட்டால், கம்பியில் வரும் எழுத்துகளை அது விசைப்பலகையில் தட்டியவையாகவே எடுத்துக்கொள்கிறது. ஏடிடி-ப்ரோ என்னும் மென்பொருள் இதைப் பயன்படுத்தி, முதலில் ஒரு சிறு நிரலை எண்களாகத் ‘தட்டி’ நினைவகத்தில் அமர்த்துகிறது; அந்தச் சிறு நிரல் இயங்குதளத்தை வாங்க, அதன்மேல் வந்தமரும் பரிமாற்ற நிரல் முழு வட்டின் நகலையும் வாங்கி வெற்று பிளாப்பியில் எழுதுகிறது. 35 தடங்களும் தடத்துக்கு 16 பிரிவுகளும் பிரிவுக்கு 256 பைட்டுகளும் கொண்ட அவ்வட்டின் 1,43,360 பைட்டுகளும் 9,600 பிட் வேகத்தில் கம்பியைக் கடக்க இரண்டரை நிமிடங்கள் போதும். இயங்கும் பிளாப்பி ஒன்றுகூட கைவசம் இல்லாத கணினியும் இவ்வாறு மீண்டும் பயனுக்கு வருகிறது.

அதே கம்பி எதிர்த்திசையிலும் பணி செய்கிறது. பிளாப்பியின் காந்தப்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்லச் சிதைவதால், வேறெங்கும் பிரதி இல்லாத நிரல்களும் ஆவணங்களும் அதனோடு சேர்ந்து அழியக்கூடும். வட்டு இன்னும் படிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே அதன் உள்ளடக்கத்தை இன்றைய கணினிக்கு மாற்றிவைப்பது, அந்தக் காலத்தின் அறிவுழைப்பை அடுத்த தலைமுறைக்குச் சேர்க்கும் பொறுப்புள்ள பணியாகும்.