செல்போன் சிக்னல் இல்லாத தோட்டத்தில் மோட்டார் எப்படிப் பேசுகிறது?

எங்கள் தோட்டம் சிறுமலை அடிவாரத்தில் ஒரு பள்ளத்துக்குள் இருக்கிறது. நாலு ஏக்கர். தென்னை, எலுமிச்சை, ஊடுபயிராகக் கொஞ்சம் காய்கறி. வீடு ஊருக்குள். வீட்டிலிருந்து கிணற்றுக்கு ஒன்றரை கிலோமீட்டர். வங்கியில் 34 வருடம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றபின் முழுநேர விவசாயி ஆனவன் நான்.

திரீ பேஸ் கரண்ட் ராத்திரி முறையில் வந்தால் என்ன பாடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே சிம் கார்டு போட்ட மொபைல் ஸ்டார்ட்டர் ஒன்று வாங்கி மாட்டினேன். பள்ளத்தில் சிக்னல் ஒரு கோடு வரும், ஒரு கோடு போகும். போன கோடையில் ஒரு ராத்திரி, மோட்டாரை நிறுத்தச் சொல்லி நாலு தடவை அனுப்பியும் பதிலே இல்லை. இரண்டு மணிக்கு நானும் வீட்டுக்காரம்மாவும் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வரப்பில் அவர் கால் வைக்கப்போன இடத்துக்கு ஒரு முழம் தள்ளி ஒரு கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தது. போய்ப் பார்த்தால் கிணறு வற்றி, மோட்டார் காற்றை இழுத்து, காயில் கருகிவிட்டது. காயில் கட்டின செலவை விடுங்கள். அந்த ஒரு முழத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

தம்பி மகன் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “பெரியப்பா, மோட்டார் ஓடுதா, தண்ணி இருக்கா, இதுதானே உங்களுக்குத் தெரியணும்? இதுக்கு எதுக்கு டவரு, இன்டர்நெட்டு, மாச ரீசார்ஜு? நேரா ரேடியோவுலயே பேசவச்சிரலாம்” என்றான். அவனிடம் கேட்டுக் கற்றதையும், நானே மாட்டிப் பார்த்துப் பட்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு சிப்புக்குள் ஒரு ரேடியோ நிலையம்

ரேடியோவில் பேச அனுப்பும் கருவி ஒன்று, கேட்கும் கருவி ஒன்று வேண்டும். இரண்டும் சேர்ந்ததற்குப் பெயர் டிரான்ஸீவர். எண்களை ரேடியோ அலையாக மாற்றி, மறுபக்கம் அலையைத் திரும்ப எண்ணாக மாற்றுவது மோடம். முன்பெல்லாம் இதற்குக் காயில், வடிகட்டி, கிரிஸ்டல் என்று ஒரு பெட்டி நிறையச் சாமான் வேண்டும். இப்போது கிட்டத்தட்ட எல்லாம் ஒரே சிப்புக்குள் வந்துவிட்டன. நான் பயன்படுத்தும் எஸ்எக்ஸ்1276 என்ற சிப் 6 மில்லிமீட்டர் சதுரம்தான். ஒரு கொண்டைக்கடலை அளவு. வெளியே ஒரு கிரிஸ்டலும் சில சின்னச் சாமான்களும் ஆன்டெனாவும் சேர்த்தால் போதும். பலகையில் பொருத்தியே சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அலைபேசியில் இருப்பதும் ரேடியோதான். அதற்கு எட்டாத தூரம் இந்தச் சின்னச் சிப்புக்கு எப்படி எட்டுகிறது?

மெதுவாகப் பேசினால் தூரம் போகும்

வயலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் எப்படிப் பேசுவோம்? “ஏ...ய்... தண்ணி வந்துருச்சாஆஆ...” என்று இழுத்துத்தானே கத்துவோம்? படபடவென்று பேசினால் காற்றில் கரைந்துவிடும். இழுத்துச் சொன்னால் காதுக்குப் பிடிபட நேரம் கிடைக்கிறது. ரேடியோவுக்கும் இதே கதைதான். ஒவ்வொரு எழுத்துக்கும் அதிக நேரம் கொடுத்தால் அதே சக்தியில் அதிக தூரம் போகும்.

அடுத்தது அகலம். கேட்கும் ரேடியோ எவ்வளவு அகலமாகக் காதைத் திறந்து வைக்கிறதோ, அவ்வளவு இரைச்சலும் உள்ளே வரும். வாய்க்கால் மடையை அகலமாக வெட்டினால் தண்ணீரோடு செத்தையும் அதிகம் வருவது மாதிரி. 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் கேட்பதற்குப் பதில் 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் கேட்டால் இரைச்சல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதைத்தான் குறுகிய பட்டை, அதாவது நேரோபேண்ட் என்கிறார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சிசி1120 இந்த வகைச் சிப்.

என் சிப் கொஞ்சம் வேறு வழியில் போகிறது. பெயர் லோரா. பிரான்ஸில் கிரனோபிள் நகரத்து சைக்ளியோ என்ற சின்ன நிறுவனம் உருவாக்கியது. 2012-இல் அமெரிக்காவின் செம்டெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. இது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் பேசும். வைஃபையின் 20 மெகாஹெர்ட்ஸோடு பார்த்தால் அதில் 160-இல் ஒரு பங்கு. குயில் கூவும்போது குரல் கீழிருந்து மேலே ஏறுமே, அப்படி இதன் அலை ஏறிக்கொண்டே போகும். எத்தனை சத்தத்துக்கு நடுவிலும் குயில் குரல் தனியாகக் காதில் விழுகிற மாதிரி, சுற்றுப்புற இரைச்சலைவிட மெலிந்துபோன சிக்னலையும் இந்தச் சிப் அடையாளம் கண்டுவிடும்.

இதற்கு விலை வேகம். மிக நிதானமான முறையில் நொடிக்குச் சுமார் 290 பிட்தான் போகும். 100 கிலோபைட் போட்டோ ஒன்றை அனுப்ப முக்கால் மணி நேரம் ஆகும்! ஆனால் நமக்கு எதற்குப் போட்டோ? ‘மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் 14 அடி, பேட்டரி சரி’ என்பதை 12 பைட்டில் அடக்கிவிடலாம். அது போக ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பேட்டரிக் கணக்கு

வங்கிக்காரன் என்பதால் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கால் மணிக்கு ஒரு செய்தி என்றால் நாளைக்கு 96 செய்தி. எல்லாம் சேர்த்து அனுப்பும் நேரம் இரண்டு நிமிடத்துக்குள். முழுச் சக்தியில், அதாவது 100 மில்லிவாட்டில் அனுப்பும்போது சிப் 120 மில்லி ஆம்பியர் எடுக்கும். நாள் முழுக்கச் சேர்த்தால் 4 மில்லி ஆம்பியர்-மணி. மீதி நேரம் தூங்கும். தூக்கத்தில் அது எடுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர்கூட இல்லை. சென்சாரும் கன்ட்ரோலரும் தனியாகக் கொஞ்சம் எடுக்கும். ஒரு லித்தியம் செல்லும் உள்ளங்கை அளவு சோலார் தகடும் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

மாட்டும்போது கற்றது

முதல் நாள் ஒரு செய்திகூட வீட்டுக்கு வரவில்லை. ஆன்டெனாவை மோட்டார் ரூமின் தகரக் கூரைக்கு உள்ளேயே வைத்திருந்தேன். தகரத்தைத் தாண்டி அலை எப்படி வரும்? ஒரு மூங்கிலில் கட்டி 20 அடி உயரத்தில் நிறுத்தினோம். வீட்டு மொட்டை மாடியிலும் அதேபோல ஒன்று. அன்று சாயங்காலமே செய்தி வந்துவிட்டது. காசு செலவழிப்பதாக இருந்தால் சக்தியைக் கூட்ட வேண்டாம், உயரத்தைக் கூட்டுங்கள். திறந்தவெளியில் பல கிலோமீட்டர் போகும் இதே அலை, நடுவில் மேடு இருந்தால் திணறும். மழையில் நனைந்த தென்னந்தோப்புக்குள்ளும் தூரம் குறையும்.

ஆன்டெனா என்றால் பெரிய பொருள் ஒன்றுமில்லை. 866 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் சுமார் 34.6 செ.மீ. அதில் கால் பங்கு, 8.6 செ.மீ. செம்புக் கம்பி இருந்தாலே வேலை செய்யும். ஆன்டெனா இல்லாமல் மட்டும் அனுப்பிப் பார்க்காதீர்கள், சிப் கெட்டுப்போக வாய்ப்புண்டு.

அலைவரிசையிலும் கவனம் வேண்டும். நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-லேயே மத்திய அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. ஒரு வாட் வரை அனுப்பலாம். 915 என்று போட்டு விற்பது அமெரிக்காவுக்கானது, அது நமக்கு ஆகாது. கடையில் வாங்கும் கருவிக்கு டபிள்யூ.பி.சி. வழங்கும் வகை ஒப்புதல் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. ரேடியோவை நம்பி மோட்டாரை விடாதீர்கள். எந்தச் செய்தியும் ஒரு நாள் வராமல் போகும். அதனால் தண்ணீர் குறைந்தால் மோட்டாரை நிறுத்தும் வேலையைக் கிணற்றடியிலேயே முடித்துவிட்டோம். வீட்டிலிருந்து ‘ஓடலாம்’ என்ற செய்தி அரைமணி நேரம் வரவில்லையென்றாலும் மோட்டார் தானாக நின்றுவிடும். வேறு யாரும் நம் மோட்டாரைப் போட்டுவிடாதபடி செய்திக்கு ரகசிய எண்ணும் வைத்திருக்கிறோம். கரண்ட் வயரைத் தொடும் வேலையை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்தே செய்தோம்.

இதுவும் இடுபொருள்தானா?

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பார்த்துவிட்டு, “மேனேஜர் சார், உரமும் மருந்தும் கடையில வாங்கக் கூடாதுங்கறீங்க. இதை மட்டும் வாங்கலாமாக்கும்?” என்றார். நியாயமான கேள்வி. கடன் மனு பார்க்கிற பழக்கத்தில் அவருக்கு மூன்று கேள்விகளாகப் பதில் சொன்னேன். மாதாமாதம் யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா? கெட்டுப்போனால் நம் பக்கத்திலேயே சரிபண்ண முடியுமா? நம் கிணற்றுக் கணக்கு நம் வீட்டிலேயே இருக்கிறதா, கம்பெனிக்காரன் கணினிக்குப் போகிறதா? சந்தா கட்டினால்தான் ஓடும் என்று விற்கிற கருவி என்றால் நானும் வாங்கமாட்டேன். அது உரக்கடைப் பற்று மாதிரிதான். இது ஒரு தடவை செலவு. இரண்டு முனைக்கும் சேர்த்து எனக்கு ஐயாயிரத்துக்குள் முடிந்தது. சிப் போனால் வேறு பலகை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

அவருக்குக் கிணறு இரண்டு கிலோமீட்டர் தள்ளி, நடுவில் ஒரு மேடு. மேட்டில் இருக்கும் என் பெரிய தென்னையில் ஒரு பலகையைக் கட்டி, இங்கே வாங்கி அங்கே அனுப்புகிற மாதிரி செய்யலாமா என்று இந்த மாதம் பார்க்கப்போகிறோம்.

மண்ணைத் தொட்டுப் பார்க்கவும், எலுமிச்சை இலையைத் திருப்பிப் பார்க்கவும் விடிந்ததும் நான் தோட்டத்துக்கு நடந்துதான் போகிறேன். அந்த வேலைக்குச் சிப் கிடையாது. ராத்திரி கரண்ட் வந்தால் மட்டும் வீட்டுக்காரம்மா படுக்கையிலிருந்தே தலையைத் தூக்கி, சுவரில் எரிகிற பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, “ஓடுதுங்க” என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.