தூரத்து மலைக்கு என்ன நிறம்?

தோட்டத்தில் பொம்மை ரயில் ஓட்டும் எவருக்கும் ஒருநாள் பின்னால் நிற்கும் காம்பவுண்டுச் சுவர் கண்ணை உறுத்தத் தொடங்கும். ரயில் அழகாக வளைந்து வரும். அதன் பின்னால் சிமென்ட் பூச்சும் தண்ணீர்க் குழாயும் தெரியும். அந்தச் சுவரில் ஒரு மலையை வரைந்துவிடலாம்தான். எந்த மலை? ஊட்டி ரயிலையே எடுத்துக்கொள்வோம், தோட்டத்துக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். 1968-இல் எல்ஜிபி என்ற ஜெர்மன் தயாரிப்பு, வீட்டுக்கு வெளியிலும் ஓடும் ரயில்களைக் கொண்டுவந்தது. அதன் தண்டவாள இடைவெளி 45 மி.மீ., அளவு நிஜத்தில் 22.5-இல் ஒரு பங்கு. பெருக்கினால் ஒரு மீட்டர் சொச்சம் வரும். மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையும் மீட்டர் கேஜ்தான்.

இப்போது மலையையும் அதே கணக்கில் சுருக்கிப் பார்ப்போம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி நிலையம் 2,203 மீட்டரில். ரயில் ஏறும் உயரம் 1,877 மீட்டர். 22.5-ஆல் வகுத்தாலும் 83 மீட்டருக்குக் குறையவில்லை. எந்த வீட்டுச் சுவரும் அதற்குப் போதாது. ஆகவே மலையின் அளவை விட்டுவிட்டு, அது நம் கண்ணுக்குத் தெரியும் அளவைப் பிடிப்போம். மேட்டுப்பாளையத்தில் நின்றால் குன்னூர்ப் பக்க முகடு நேர்கோட்டில் சுமார் 15 கி.மீ. தள்ளி, நம்மைவிட ஏறக்குறைய 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும். தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. சுவரிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி உட்காரும் நமக்கு அந்த முகடு, கண்மட்டத்துக்கு மேல் ஒரு அடிக்குள் அடங்கிவிடும்!

அந்தக் கண்மட்டத்தைக் குறிப்பது எளிது. வழக்கமாக டீ குடிக்கும் நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உங்கள் கண்ணுக்கு நேரே வரும் உயரத்தில், இன்னொருவரைச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போடச் சொல்லுங்கள். முகடு அதற்கு மேலே, அடிவாரம் அதை ஒட்டி.

அடுத்தது நிறம். எல்லோரும் சறுக்குகிற இடம் இது. மலையில் காடு இருக்கிறது, காடு பச்சை, அதனால் பச்சை டப்பாவைத் திறக்கிறோம். முடிந்ததும் பார்த்தால், மலை இருக்க வேண்டிய இடத்தில் தோட்டத்து வேலி போல ஒன்று நிற்கிறது. வரைந்த கை கெட்டிக்காரக் கையாக இருந்தாலும் இதுதான் நடக்கும். ஏனென்றால் நாம் மலையை மட்டும் பார்ப்பதில்லை. நமக்கும் மலைக்கும் நடுவே இருக்கும் பதினைந்து கிலோமீட்டர் காற்றையும் சேர்த்தே பார்க்கிறோம்.

வெயில் படும் காற்று தானே லேசாக ஒளிர்கிறது. காற்றின் மூலக்கூறுகள் சூரிய ஒளியைச் சிதறடிக்கின்றன, சிவப்பைவிட நீலத்தைப் பல மடங்கு அதிகமாக. பின்னாளில் ரேலி பிரபு ஆன ஸ்டிரட் 1871-இல் இதைக் கணக்குப் போட்டு விளக்கினார். வெளிர்நீலக் கொசுவலை ஒன்றின் வழியே கறுப்புப் புடவையைப் பாருங்கள், கறுப்பாகத்தான் தெரியும். வலையைப் பத்து மடிப்பாக்கினால் கறுப்பு போய் வெளிறிய நீலமே மிஞ்சும். மலையிலும் முதலில் தொலைவது இருட்டுதான். மரநிழல், பள்ளம், பாறை வெடிப்பு எல்லாம் நீலமாகிவிடும். தூசியும் ஈரமும் கூடிய நாளில் அந்த நீலத்திலும் வெண்மை ஏறும்.

இது புரிந்தால் கலவை தானே வந்துவிடும். முதலில் வானம்: உச்சியில் நீலம், கீழே வர வர வெளுப்பு. அடிவானத்துக்குக் கலந்த அந்த வெளிர் நிறத்தைக் கொட்டிவிட வேண்டாம், ஒரு வாளியில் நிறையவே வைத்துக்கொள்ளுங்கள். அதில் துளி நீலமும் துளி காவியும் சேர்த்தால் கடைசி முகடு. அதே வாளியில் இன்னும் கொஞ்சம் நிறம் சேர்த்தால் அதற்கு முன்னால் உள்ள வரிசை. பச்சை டப்பா திறப்பது கடைசியாக, நமக்கு மிக அருகே வரும் குன்றுக்கு மட்டும். ஒவ்வொரு வரிசையின் அடிப்பகுதியையும் ஈரத் துணியால் ஒற்றி வெளுக்கவிடுங்கள். பள்ளத்தாக்கில் மூட்டம் தேங்குவது அப்படித்தான் தெரியும். கறுப்புக் கோட்டால் விளிம்பு வரையவே கூடாது. தேயிலைத் தோட்டத்தின் வரிகளும் வேண்டாம், அத்தனை தொலைவில் அவை தெரியாது. பனிச்சிகரம் வைக்கும் ஆசையும் சிலருக்கு வரும். 2,637 மீட்டர் உள்ள தொட்டபெட்டாவிலேயே விழுவது உறைபனிதான், ஆகையால் அதையும் விட்டுவிடலாம்.

பெயின்ட் வெளிச்சுவருக்கான அக்ரிலிக் எமல்ஷனாக இருக்கட்டும், பளபளப்பு இல்லாத மேட் வகை. பளபளத்தால் வெயிலில் மலை கண்ணாடியாக மின்னும். காவி, செம்மண் போன்ற இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலுக்கு அசையாது. முக்கியமாக ஒன்று: அக்ரிலிக் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்ததும் ஒரு படி கறுக்கும். அதனால் ஒவ்வொரு நிறத்தையும் சுவர் மூலையில் ஒரு கைப்பிடி அளவு தடவி, காயவிட்டு, நாற்காலியில் போய் உட்கார்ந்து பாருங்கள். கண்ணுக்குச் சரி என்று பட்டால்கூட, இன்னும் ஒரு கரண்டி வெள்ளை சேருங்கள்.