செந்நோயும் பச்சைத் தத்துப்பூச்சியும்

பச்சைப் பசேலென்று நிற்க வேண்டிய பருவத்தில் நெற்பயிர் மஞ்சளித்துச் சிவந்தால், உழவர் முதலில் ஐயுறுவது மண்ணைத்தான். எருக் குறைந்ததோ, நீர் வடியாமல் தேங்கியதோ, நிலத்தில் புளிப்பு ஏறியதோ என்று எண்ணுவது இயல்பு. நம் நாட்டின் நெல் வயல்களில் இந்த ஐயம் முப்பது ஆண்டுகள் வரை நிலைத்திருந்தது. உண்மைக் காரணமோ ஓர் அரிசி மணி அளவே உள்ள பூச்சியின் வாயில் இருந்தது. அது எவ்வாறு வெளிப்பட்டது, அதனால் உழவர் பெற்ற பயன் யாது என்பவற்றை இங்குக் காண்போம்.

மண்ணின் மேல் விழுந்த பழி

மலாய் உழவர்கள் இந்நோயைப் ‘பென்யாக்கிட் மேரா’ என்றனர். சிவப்பு நோய் என்பது அதன் பொருள். தமிழில் செந்நோய் எனலாம். பேராக் மாநிலத்தின் கிரியான் வட்டாரத்தில் 1930களிலேயே இது அறியப்பட்டிருந்தது. நோய் கண்ட பயிர் குட்டையாக நின்றுவிடும். இலை நுனியில் தோன்றும் மஞ்சள் அல்லது செம்மஞ்சள் நிறம் கீழ்நோக்கிப் பரவும். தூர் கட்டுவது குறையும். கதிர் தாமதமாக வெளிவரும். வந்த கதிரிலும் பதரே மிகுந்திருக்கும். இளம் பயிரில் நோய் பற்றினால் சேதம் மிகக் கடுமையாகும்.

இவ்வடையாளங்கள் யாவும் சத்துக் குறைவின் அடையாளங்களைப் போலவே இருந்தன. ஆகவே, அறிஞர்களும் மண்ணையே ஆராய்ந்தனர். 1959இல் மலாயா விவசாய இலாகா வெளியிட்ட ஆய்வேடு ஒன்று, நெற்பயிரின் கனிமச் சத்துகளோடு சேர்த்தே இந்நோயை ஆராய்ந்தது. சாவாத் தீவில் ‘மெந்தெக்’ என்றும், பிலிப்பீன்சில் ‘துங்ரோ’ என்றும் இதே போன்ற நோய்கள் பேசப்பட்டு வந்தன. பெயர்கள் வெவ்வேறாக இருந்தமையால், இவை ஒரே நோயாக இருக்கலாம் என்ற எண்ணம் எளிதில் எழவில்லை.

கூண்டுக்குள் கிடைத்த சான்று

1960இல் பிலிப்பீன்சு நாட்டின் லாஸ் பனோஸ் நகரில் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அங்குப் பணியாற்றிய ரிவேரா, ஊ ஆகிய இருவரும், துங்ரோ ஒரு வைரஸ் நோய் என்றும், அதைப் பரப்புவது பச்சைத் தத்துப்பூச்சி என்றும் 1965இல் எழுதினர். அதே ஆண்டில் அவர்கள் நவரத்தினம், கோ ஆகியோருடன் சேர்ந்து, மலேசியாவின் செந்நோயும் வைரஸ் நோயே என்று அறிவித்தனர்.

இத்தகைய நோயைக் கண்டறியும் முறை எளியது. ஆனால் பொறுமை வேண்டுவது. நோயுற்ற பயிரில் சில பூச்சிகளை மேயவிட்டுப் பின்பு, வலைக் கூண்டுக்குள் இருக்கும் நலமான நாற்றுகளில் விடுவார்கள். நோயையே அறியாத பூச்சிகளை வேறொரு கூண்டின் நாற்றுகளில் விடுவார்கள். மண், நீர், எரு யாவும் இரு கூண்டுகளிலும் ஒன்றே. முதற் கூண்டின் நாற்றுகள் மட்டும் நோயுற்றால், பழி மண்ணைச் சாராது அன்றோ?

பூச்சியை ஐயுற்றவர்களுள் ஜப்பானிய நெல் விவசாயி ஒருவர் முன்னோடி ஆவார். ஹஷிமோட்டோ என்னும் அவர், நெல்லைக் குட்டையாக்கும் வேறொரு நோய்க்கும் தத்துப்பூச்சிக்கும் தொடர்புண்டு என்பதை 1894இல் கண்டார். வைரஸ் என்ற கருத்தே முழுமையாக உருவாகாத காலம் அது.

பூச்சி எப்படிச் சுமக்கிறது?

வைரஸ் என்னும் நச்சுயிர் தானாக நடமாட இயலாதது. உயிருள்ள அணுவுக்குள் புகுந்தாலன்றிப் பெருகவும் இயலாதது. செடியின் அணுவைச் சுற்றிலும் உறுதியான சுவர் உண்டு. அச்சுவரைத் துளைத்து உள்ளே கொண்டு சேர்க்க ஒருவர் வேண்டும். சாறுண்ணும் பூச்சிகள் அந்த வேலையைச் செய்கின்றன. வெண்டையின் மஞ்சள் நரம்பு நோயை வெள்ளை ஈயும், பப்பாளியின் வளையப்புள்ளி நோயை அசுவினியும் பரப்புகின்றன.

துங்ரோ, விதை வழியாகவோ மண் வழியாகவோ பரவுவதில்லை. ஊசி போன்ற வாயை இலைக்குள் செலுத்திச் சாறு குடிக்கும் பச்சைத் தத்துப்பூச்சி, அரைமணி நேரம் நோயுற்ற பயிரில் மேய்ந்தாலே வைரசை ஏற்றுக்கொள்ளும். உடனே அடுத்த பயிருக்கும் கொடுக்கும். எனினும், சில நாட்களில் அந்த ஆற்றல் அற்றுப்போகும். இளம் பூச்சி தோலுரித்தாலும் வைரஸ் நீங்கிவிடும். தாய்ப் பூச்சியின் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்வதில்லை. ஜப்பானியக் குட்டை நோய் இதற்கு மாறானது. அதன் வைரஸ் முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குச் செல்வதை 1933இல் ஃபுகுஷி என்னும் அறிஞர் காட்டினார்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். துங்ரோ பரப்பும் பூச்சி, நோயுற்ற பயிரை மீண்டும் மீண்டும் நாடினால்தான் நோயைப் பரப்ப முடியும்.

இரண்டு வைரஸ்களின் கூட்டு

துங்ரோவை உண்டாக்குபவை ஒன்றல்ல, இரண்டு வைரஸ்கள் என்பது 1970களின் இறுதியில் தெரியவந்தது. ஒன்று உருண்டை வடிவினது. மற்றது சிறு கோல் வடிவினது. உருண்டை வைரசைப் பூச்சி எளிதில் சுமக்கும். ஆனால் அது தனித்து நின்றால் பயிருக்குப் பெருந்தீங்கு செய்வதில்லை. கோல் வைரசே பயிரைக் குட்டையாக்கி நிறம் மாற்றுவது. ஆனால் உருண்டை வைரசின் துணையின்றி அது பூச்சியின் மேல் ஏறிச் செல்லாது. நடக்க முடியாதவன் பார்வையற்றவனின் தோளில் ஏறிச் சென்று மாந்தோப்பில் களவாடிய கதை நாம் அறிந்ததே. இங்கும் நடப்பது அத்தகைய கூட்டுக் களவுதான்.

இக்கூட்டைப் பிரிக்க ஆராய்ச்சியாளர்கள் வழி தேடினர். இந்தோனேசியாவின் ‘ஊத்ரி மேரா’ என்னும் பழைய நெல் வகை, உருண்டை வைரசை எதிர்க்கும் ஆற்றல் உடையது எனக் கண்டனர். சுமப்பவன் இல்லையேல் சுமக்கப்படுபவனும் வயலுக்கு வயல் செல்ல இயலாது.

பள்ளியிலும் செய்யத்தக்க சோதனை

சத்துக் குறைவையும் துங்ரோவையும் பிரித்தறிய எளிய சோதனை ஒன்றுண்டு. நலமான இலை, பகலில் சேர்த்த மாவுப்பொருளை இரவில் மற்ற உறுப்புகளுக்கு அனுப்பிவிடும். நோயுற்ற இலையில் அது தேங்கிவிடும். ஆகவே, சூரியன் எழுமுன் இலையைப் பறித்து, நுனிப்பகுதியில் 10 சென்டிமீட்டர் வெட்டி, அயோடின் கரைசலில் 15 நிமிடம் ஊறவைக்க வேண்டும். 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் 100 மில்லிலிட்டர் நீரில் கரைந்த கரைசல் போதுமானது. கருநீலக் கோடுகள் தோன்றினால் துங்ரோ என ஐயுறலாம். இது முதற்படியே, முடிவு கூறவேண்டியது ஆய்வுக்கூடம்.

தனி ஒருவரால் ஆகாதது

கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் பரந்துள்ள மூடா நீர்ப்பாசனத் திட்டத்தால் 1970 முதல் அங்கு ஆண்டுக்கு இருபோகம் விளையலாயிற்று. உழவர் வாழ்வு உயர்ந்தது. ஆனால், ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு வயலில் பசும்பயிர் நின்றால் பூச்சிக்கும் வைரசுக்கும் பஞ்சமே இல்லை. 1980களின் தொடக்கத்தில் மூடா வட்டாரத்தைத் துங்ரோ கடுமையாகத் தாக்கியது.

மருந்து தெளித்தால் தீராதா எனக் கேட்கலாம். பூச்சி மடிவதற்குள் நோயைக் கொடுத்துவிடக் கூடும். கண்டபடி தெளித்தால், தத்துப்பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் மடியும். பூச்சியை எதிர்க்கும் நெல் வகைகள் நல்ல துணையே. எனினும், ஒரே வகையை எங்கும் தொடர்ந்து பயிரிட்டால் பூச்சி அதற்கும் பழகிவிடுகிறது.

மிக நம்பத்தக்க வழி, ஒரே வட்டாரத்தார் ஒரே காலத்தில் நடுவதும், ஒரே காலத்தில் அறுப்பதுமாகும். அறுத்த பின் தாளை உழுது மடக்கி, மறுதாம்பு துளிர்க்காமல் செய்து, நிலத்தைச் சில வாரங்கள் வெறுமையாக விட வேண்டும். அப்பொழுது பூச்சிக்கு நோயுற்ற பயிர் கிட்டாது. அதனிடம் எஞ்சிய வைரசும் சில நாட்களில் அற்றுவிடும்.

ஒருவர் மட்டும் காலம் தாழ்த்தி நட்டால், அவர் வயலே அடுத்த போகம் வரை நோயைக் காத்துவைக்கும் களஞ்சியமாகிறது. வரப்பு மனிதருக்கு எல்லை, தத்துப்பூச்சிக்கு அன்று. ஆகவேதான் வாய்க்காலில் நீர் விடும் நாளும் நாற்று விடும் நாளும் தனி ஒருவரின் விருப்பத்தைச் சார்ந்து நிற்காமல், வட்டாரம் முழுவதற்கும் பொதுவாக அமைய வேண்டியுள்ளன. மண்ணைப் பழித்த காலத்தில் ஒவ்வோர் உழவரும் தம் வயலுக்கு மட்டும் எருவிட்டுப் பார்த்தார். பூச்சியை அறிந்த பின்னரே, அண்டை வயலின் நலத்தில் தம் வயலின் நலமும் அடங்கியிருப்பதை உணர்ந்தார்.