வைன்: லினக்ஸுக்குள் ஒரு மேஸ்திரி

ஏற்காட்டில் ஒரு பழைய காபித் தோட்டத்தை நினைச்சுப் பாருங்க. துரைக்குத் தமிழ் தெரியாது, ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் ஒரு மேஸ்திரி இருந்தால் போதும், வேலை நடந்துவிடும். லினக்ஸில் ‘வைன்’ செய்வதும் இதேதான்.

அண்ணனோ அக்காவோ பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப் இன்னும் பல வீடுகளில் இருக்கு. 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் போட்டுக் கொடுத்தாங்க. ஆனால் நமக்குத் தேவையான சாஃப்ட்வேர் விண்டோஸுக்கு மட்டும்னா என்ன பண்றது?

பிராசஸர் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ‘ஃபைலைத் திற’, ‘திரையில் வரை’ என்று சிஸ்டத்திடம் கேட்கும் முறைதான் வேறு. 1993-ல் தொடங்கிய வைன், அந்த விண்டோஸ் அழைப்புகளை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்குது. விர்ச்சுவல் மெஷின் மாதிரி முழு விண்டோஸையும் ஏற்றுவதில்லை. அதனால் ரேம் குறைவான லேப்டாப்புக்கும் ஒத்துவரும்.

எல்லாமே ஓடாது. தனக்கென விண்டோஸ் டிரைவர் கேட்கும் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் மக்கர் பண்ணும். வைன் தளத்தின் ஆப் டேட்டாபேஸில் ‘பிளாட்டினம்’ முதல் ‘கார்பேஜ்’ வரை தரம் போட்டிருக்காங்க. இன்ஸ்டால் பண்ணும் முன் ஒரு தடவை பாருங்க.

முக்கியமா, ‘லினக்ஸ்தானே’ன்னு கிராக் பண்ணிய சாஃப்ட்வேரை வைனில் ஓட்டாதீங்க. சாதாரண செட்டிங்கில் உங்க புராஜெக்ட், போட்டோ எல்லாமே அதற்கு ‘இசட்’ டிரைவில் தெரியும். மேஸ்திரி சொன்னதைச் சொல்வார். சொன்னவர் நல்லவரான்னு பார்க்க மாட்டார். அதை நாமதான் பார்க்கணும்.