கிணற்று மோட்டரை வீட்டிலிருந்தே இயக்குதலும் கண்காணித்தலும்

தம்புள்ளை, கலேவெல பகுதிகளில் சிறுபோகத்தில் பெரிய வெங்காயம் செய்கை பண்ணும் கமக்காரர் பலர் விவசாயக் கிணறுகளையே நம்பியிருக்கின்றனர். 1989 முதல் அரச மானியத்துடன் வறண்ட வலயத்திற் பெருகிய இக்கிணறுகள் பெரும்பாலும் வீட்டுக்குத் தொலைவில், தோட்டத்தின் நடுவிலோ ஓரத்திலோ அமைந்தவை. ஆடி, ஆவணி மாதங்களில் ஊற்று மந்தமாகிவிடும். மோட்டரைப் போட்டுவிட்டு வேறு அலுவலுக்குச் சென்றவர் திரும்பி வருமுன் நீர் வற்றி, பம்பு வெறுமையாகச் சுழன்று, அதன் சீல் கருகிப்போவதுண்டு. வெங்காயம் முளைத்து நிற்கும் வேளையில் மோட்டர் ஒரு கிழமை பழுதுபார்க்கும் கடையிற் கிடந்தால் நேரும் நட்டத்தைக் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

வீட்டிலிருந்தே மோட்டரை இயக்கவும், அது எந்நிலையில் இருக்கின்றது என்பதை அறியவும் இப்பொழுது சிறிய கருவிகள் உள்ளன. ஒரு கைப்பெட்டியளவான இக்கருவியில் இரு வகை முனைகள் இருக்கும். ஒன்று வெளியீடு, அது ஓர் ஆளியைப்போல மூடும் அல்லது திறக்கும். மற்றையது உள்ளீடு, அது வெளியேயுள்ள ஓர் ஆளி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பதை மட்டும் உணரும். 'ஆம்', 'இல்லை' என்னும் இரண்டன்றி மூன்றாவது விடை இல்லாமையால் இவற்றை இலக்கமுறை உள்ளீடு, வெளியீடு என்பர். இக்கருவி வீட்டிலுள்ள கணினியுடன் ஈதர்நெற் வடத்தினால் இணைக்கப்படும். நான்கு சோடிச் செப்புக் கம்பிகளை முறுக்கிச் செய்த இவ்வடம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் கணினிகளை இணைப்பதற்கு வழங்குவதே. ஈதர்நெற் முறை 1973 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் செரொக்ஸ் ஆய்வுநிலையத்தில் உருவானது. இத்தகைய கருவிகள் பல பேசும் மொட்பஸ் என்னும் மொழியோ 1979 இல் தொழிற்சாலைகளுக்காக வகுக்கப்பட்டது. வயலுக்கென்று பிறந்தவை அல்லவாயினும் இரண்டும் வயலுக்கு நன்கு உதவும்.

கருவியை வாங்குவோர் பலர் வெளியீட்டை மட்டும் இணைத்து, கணினியில் 'மோட்டர் ஓடுகிறது' என்று காட்டுவதைக் கண்டு திருப்தியடைகின்றனர். இது பெரும் பிழை. கணினி காட்டுவது தான் அனுப்பிய ஆணையையேயன்றி, நடந்த காரியத்தை அன்று. மின்சாரம் நின்றிருக்கலாம், உருகி எரிந்திருக்கலாம், உறிஞ்சு குழாயிற் காற்றுப் புகுந்திருக்கலாம். 1976 முதல் பொல்கொல்லவிலிருந்து சுரங்கவழியே உக்குவளை மின்னிலையத்துக்கு வரும் மகாவலி நீர், சுது கங்கையும் அம்பன் கங்கையும் கடந்து போவதென்ன நீர்த்தேக்கத்தை அடைந்து, அங்கிருந்து ஒரு பகுதி கலாவெவப் பக்கம் திருப்பப்படுகிறது. இத்தகைய பெருவழியிலும் சரி, ஊர்க் குளத்திலும் சரி, துருசைத் திறக்கச் சொன்னவர் வாய்க்காலின் அளவுகோலைப் பாராமல் நீர் சென்றதென்று கொள்ளமாட்டார். கிணற்றுக்கும் அதுவே முறை.

ஆகையால் வெளியீடு ஒன்றுக்கு உள்ளீடு இரண்டேனும் வேண்டும். முதலாவது, கிணற்றினுள் தொங்கும் மிதவை ஆளி. இரண்டாவது, விநியோகக் குழாயிற் பொருத்தும் ஓட்ட ஆளி. நீர் உண்மையாகவே பாய்ந்தாலன்றி இது மூடாது. ஆணை பிறந்து, நீர் ஏறுவதற்குப் போதிய நேரம், அதாவது 30 செக்கன் என்று வைத்துக்கொள்வோம், கழிந்தும் ஓட்ட ஆளி மூடாவிடின், மோட்டரை நிறுத்தி அறிவிக்குமாறு ஒழுங்கு செய்தல் வேண்டும்.

மிதவை ஆளியைக் கிணற்றில் நீர் இருக்கும்பொழுது மூடியிருக்குமாறு இணைக்குக. எலி கம்பியைக் கடித்தாலும், மண்வெட்டி பட்டு வடம் அறுந்தாலும், கருவி அதனை 'நீர் இல்லை' என்றே எடுத்துக்கொண்டு மோட்டரை நிறுத்திவிடும். மாறாக இணைத்தால், அறுந்த கம்பி 'நீர் உண்டு' என்று பொய் சொல்லும். நீர்மட்டம் சற்று ஏறியிறங்கும்போதெல்லாம் மோட்டர் நின்று நின்று ஓடாதிருக்க, மேலும் கீழுமாக இரு மிதவைகள் வைப்பது உத்தமம்.

வீட்டுக் கணினி நின்றுபோனால் என்ன ஆகும்? செய்தி வராது குறித்த செக்கன்கள் கழிந்ததும் வெளியீட்டைத் தானே திறந்துவிடும் காவல் ஒழுங்கு நல்ல கருவிகளில் உண்டு. வாங்குமுன் அதனைக் கேட்டறிக. அதனினும் மேலாக, கீழ் மிதவையின் கம்பியை மோட்டரின் ஆளிப்பெட்டி வழியாகவும் நேரே செலுத்துதல் வேண்டும். வலையமைப்பு முற்றாகச் செத்தாலும் அப்பொழுது பம்பு பிழைக்கும்.

கருவியிலுள்ள றிலே பலவும் 10 அம்பியர் அளவினவே. மோட்டர் புறப்படும்பொழுது ஓடும் மின்னோட்டம் வழமையைவிட ஐந்து, ஆறு மடங்காகும். எனவே றிலே, கொன்ராக்டரின் சுருளை மட்டும் இயக்க, கொன்ராக்டரே மோட்டரை இயக்குதல் வேண்டும். இவ்வேலை தேர்ச்சிபெற்ற மின்னியலாளருக்கு உரியது. ஈரமண்ணில் நின்று நாமே கைவைத்தல் உயிருக்கு ஆபத்து.

செப்பு ஈதர்நெற் வடம் 100 மீற்றருக்கு மேற் செல்லாது. கிணறு அதற்கு அப்பால் இருப்பின் ஒளிநார் வடம் இடுக. அதனூடே மின்சாரம் ஓடாமையால், சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலைநேரத்து இடிமின்னல் வடத்தின் வழியே வீட்டுக் கருவிகளைச் சுடும் அபாயமும் குறையும். எம் அபிப்பிராயத்தில், குறைந்த தூரத்துக்கும் ஒளிநாரே மேலானது.

கிணற்று நீரால் நெல் விளைவிப்போர் வேறொரு பயனும் பெறலாம். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் புதைத்து, அதனுள் நீர் தரைக்குக் கீழ் 15 சென்ரிமீற்றர் இறங்கிய பின்பே மீளப் பாய்ச்சும் முறையைச் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பியுள்ளது. அக்குழாயினுள் ஒரு சிறு மிதவை ஆளியை வைத்தால் வயலே நீர் கேட்கும். பூக்கும் காலத்தில் மட்டும் இம்முறையை நிறுத்தி, வயலில் நீர் நிற்க விடுக.

மொட்பஸ் மொழியிற் கடவுச்சொல் கிடையாது. கருவியை நேரே இணையத்திற்குத் திறந்துவிட்டால், முன்பின் அறியாதவர் எவரும் உங்கள் மோட்டரைப் போடலாம், நிறுத்தலாம். வீட்டு வலையமைப்புக்குள்ளேயே அதனை வைத்திருங்கள்.

மண்ணெண்ணெய் இயந்திரம் வைத்திருப்போருக்கும், முற்றத்திலேயே கிணறு உள்ளோருக்கும் இச்செலவு வேண்டியதில்லை. ஏனையோர், வேலை முடிந்ததும் மின்னியலாளர் புறப்படுமுன் மூன்று சோதனைகளைத் தம் கண்முன் செய்விக்க வேண்டும்: மோட்டர் ஓடும்பொழுது மிதவையைக் கையால் இறக்குக, பின் வலையமைப்பு வடத்தைக் கழற்றுக, பின் உறிஞ்சு குழாயின் வால்வை மூடுக. மூன்று முறையும் மோட்டர் தானே நிற்றல் வேண்டும். ஒரு முறை நில்லாவிடினும் வேலையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பயிருக்குரிய நீரளவு பற்றிய ஐயங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ, திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையிலோ கேட்டறியலாம்.