பனியைத் தின்னும் காற்று

1988 பிப்ரவரியில் கனடாவின் கால்கரி நகரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. ஆண்களுக்கான டவுன்ஹில் பனிச்சறுக்கு, குறித்த நாளில் நடக்கவில்லை. நக்கிஸ்கா மலை உச்சியில் வீரர்கள் நிற்கவே முடியாத காற்று. மறுநாள்தான் சுவிட்சர்லாந்தின் பிர்மின் சுர்பிரிகன் தங்கம் வென்றார். பெரிய மேடையிலிருந்து பாயும் பனித்தாவல் போட்டியும் திரும்பத் திரும்பத் தள்ளிப்போனது. நடுக் குளிர்காலத்தில் நகரின் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நாட்களும் உண்டு. காரணம், சினூக்.

ராக்கி மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்கே இறங்கும் மேல்காற்றுதான் சினூக். பனி மூடிய மலையிலிருந்து வரும் காற்று சில்லென்றுதானே இருக்க வேண்டும்? பசிபிக் கடலிலிருந்து அது வரும் வழியைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் மட்டத்தில் 10 டிகிரியில் இருக்கும் ஈரக்காற்று மலையேறத் தொடங்குகிறது. முதல் ஒரு கிலோமீட்டரில் 10 டிகிரி குளிர்ந்து பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குமேல் ஈரம் மேகமாகிறது. மழையும் பனியுமாக மேற்குச் சரிவிலேயே கொட்டுகிறது. நீராவி நீராக மாறும்போது தன்னுள் இருந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். அதனால் இனிக் குளிர்வது மெதுவாகத்தான், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 டிகிரி. 3 கிலோமீட்டர் உயர முகட்டில் வெப்பநிலை மைனஸ் 12.

ஈரத்தை இழந்த காற்று இப்போது மறுபுறம் இறங்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுகிறதே, அதுபோல இறங்க இறங்க அழுத்தம் கூடி, கிலோமீட்டருக்கு 10 டிகிரி வீதம் சூடேறுகிறது. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் கால்கரியை அடையும்போது 8 டிகிரி! மேற்கே இதே உயரத்தில் அது பூஜ்யத்தில் இருந்தது. மழை பெய்யாத நாட்களிலும், மலைக்கு மேலே உயரத்தில் ஓடும் காற்று கீழே இறங்கி இப்படிச் சூடாவதுண்டு.

ஆல்ப்ஸ் மலையில் இதே வகைக் காற்றுக்கு ஃபோன் என்று பெயர். அது சஹாரா பாலைவனத்திலிருந்து வருகிறது என்றே பலர் நம்பியிருந்தார்கள். வெப்பம் மலையில்தான் பிறக்கிறது என்று 1866-இல் விளக்கியவர் ஆஸ்திரிய வானிலை அறிஞர் யூலியஸ் ஹான். மட்டக்களப்பு மக்களுக்கு இந்தக் காற்று புதிதல்ல. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கை மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு, ஜூன், ஜூலையில் கிழக்கே வறண்ட கச்சானாக இறங்குகிறது. கடற்காற்றையே தடுத்து நிறுத்தி, வெயிலை 38 டிகிரி வரை கொண்டுபோய்விடும்.

சினூக்கின் வேகம் மலைக்க வைப்பது. 1943 ஜனவரி 22 காலையில், அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவிலுள்ள ஸ்பியர்ஃபிஷ் ஊரில் மைனஸ் 20 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு வெப்பநிலை ஏற இரண்டே நிமிடம்தான் ஆனது.

பனிச்சறுக்கு மைதானத்துக்கு வெப்பத்தோடு வறட்சியும் எதிரி. காய்ந்த காற்று உருகிய நீரையும் உறிஞ்சும். பனியின் ஒரு பகுதி நீராகாமலே நேரே ஆவியாகிப் போகும். புதுப்பனியைக் கையில் அள்ளிப் பார்த்தால் நட்சத்திரக் கிளைகளோடு பஞ்சாக உதிரும். பலத்த காற்றில் அந்தக் கிளைகள் முறிந்து, துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிடுகின்றன. பகலில் மேற்பரப்பு கசிகிறது. காற்று ஓய்ந்து குளிர் திரும்பிய இரவில் அதுவே கண்ணாடிபோல உறைகிறது. விழுந்தால் எலும்பு முறியும் தரை அது. பனி குறைந்ததைவிட இந்த இறுகிய ஓடுதான் சறுக்குபவருக்கு ஆபத்து என்பேன்.

நக்கிஸ்காவில் இயற்கைப் பனி குறைவு, சினூக் அதிகம். அந்த மலையைத் தேர்ந்தெடுத்தபோதே எதிர்ப்பு எழுந்தது. பனி பீய்ச்சும் எந்திரங்களை நம்பியே அமைத்தார்கள். அந்த எந்திரம் தூவும் நீர்த்துளி தரையைத் தொடுமுன் உறைந்தாக வேண்டும். அதற்குக் காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் சேர்ந்து ஒத்துழைக்க வேண்டும். சினூக் வீசும் 8, 10 டிகிரியில் எந்திரத்தை ஓட்டிப் பயனில்லை. ஆகவே குளிரான இரவுகளிலேயே தேவைக்கு அதிகமாகப் பனியைச் செய்து கனமாகப் பரப்பிவைக்கிறார்கள். காற்று அடங்கியதும், இரவோடு இரவாகச் சங்கிலிச் சக்கர வண்டிகள் சரிவில் ஏறி, உறைந்த ஓட்டை உடைத்துப் பொடியாக்கி, காலைக்குள் சமன்செய்கின்றன.